மூன்றாவது தூளி

ஜூன் 9, திங்கள்

சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. ஆனாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். அம்மா தூங்குகிறாள். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்து பையை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே அம்மாவின் தம்பி சம்பத் மாமா குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு தூளி ஸ்பிரிங்குக்குச் சில்வர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற அதே பெயிண்ட். ஸ்பிரிங்கின் நடுவில் இரண்டு சுற்றுகள் மட்டும் இளகி வாய் பிளந்திருந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்றாவது தூளியின் ஸ்பிரிங். காலையில்தான் அம்மா அதைக் காட்டி, புதுசு வாங்கிப் போடச் சொல்லி மாமாவிடம் பணம் கொடுத்தாள்.

"மாமா, இது பழசுதானே?" என்றேன்.

பிரஷ் கீழே விழுந்தது. "சத்தம் போடாத சாமி. மாமனுக்கு இந்த மாசம் கொஞ்சம் இடிக்குது. அடுத்த மாசம் மாத்திப் போட்டர்றேன். உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத."

என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணு. சொன்னீன்னா உங்கம்மா என்ற மொகத்துல முழிக்கமாட்டா. அப்பறம் உங்க ரெண்டு பேருக்கும் ஆரு இருக்கறா?"

பண்ணிவிட்டேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா போனபிறகு அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் இந்த டே கேரை ஆரம்பித்தபோது, கூரையில் துளை போட்டுத் தூளிக் கொக்கிகளை மாட்டியவர் மாமாதான். பனியன் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. இப்போது எங்களிடம் எது கெட்டாலும் அவர்தான் வருகிறார்.

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து. ஐந்தாம் வகுப்பில் மோனிஷா மீறினாள். அந்த வாரமே அவளுடைய சித்தப்பா பைக்கிலிருந்து விழுந்தார்.

கீழே ஐந்து தூளிகள் இருக்கின்றன. மூன்றாவதில் தூங்குவது குனு. ஒடிசாவிலிருந்து வந்து இங்கே காலர் தைக்கிற சுமித்ராவின் பையன். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. இருக்கிற குழந்தைகளில் அவன்தான் கனம்.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் குனு தூங்கும் நேரத்தில் எனக்குக் கணக்கு வகுப்பு. டீச்சர் இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. சாயங்காலம் ஓடிவந்தேன். நன்றாக இருக்கிறான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூன் 11, புதன்

இங்கே வருகிற குழந்தைகளில் பாதிப்பேரின் அம்மாக்கள் ஒரே கம்பெனியில் தைக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கான கட்டணத்தையும் எங்கள் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கையும் கம்பெனிதான் கொடுக்கிறது. இன்று அங்கே புதிதாக வந்திருக்கிற மேடம் அம்மாவைக் கூப்பிட்டாராம். மற்ற இடங்களைவிட உங்கள் ரிப்பேர் செலவு இரண்டு மடங்கு இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பாதியாகக் குறையாவிட்டால் குழந்தைகளை வேறு டே கேருக்கு மாற்றிவிடுவோம் என்றாராம்.

அம்மா வந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சமையலும் ஆயா வேலையும் பார்க்கிற ரஞ்சிதம் அக்காதான் பேசினார்.

"அந்தம்மா சொல்றதுல என்னக்கா தப்பு? வாரத்துக்கு ஒண்ணு படுத்துக்குது. மிக்ஸி, வாஷிங் மெஷினு, ஹீட்டரு. நாம டே கேர் நடத்தறமா, ஒர்க்‌ஷாப் நடத்தறமான்னு எனக்கே தெரியலை."

"இனிமே எதுக்கும் செலவு கெடையாது. உடைஞ்சா உடைஞ்சபடி கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

"தூளி ஸ்பிரிங் மட்டும் ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"முந்தாநேத்துத்தான் புதுசு போட்டிருக்குது. நீ வேற ஏன் சுபி உசுர வாங்கற?"

படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு வழிதான் தெரிகிறது. மற்ற எதுவும் கெடாமல் நான் பார்த்துக்கொண்டால் காசு மிச்சமாகும். மிச்சமானால் ஐந்து ஸ்பிரிங்கையும் மாற்றலாம் என்று அம்மாவைக் கேட்கலாம். யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை. மாமா தலைக்கும் ஒன்றும் ஆகாது. குனு தலைக்கும்.

நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 14, சனி

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளாமல் நின்றுவிட்டது. உள்ளே குழந்தைகளின் துணி மிதக்கிறது. அம்மா மாமாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"கொஞ்ச நேரம் பொறும்மா" என்றேன்.

மெஷினுக்கு அடியில் வலப்பக்க மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. மெஷினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தாம்பாளத்தை வைத்துத் திருகினேன். முழங்கை வரை அழுக்குத் தண்ணீர். கையை விட்டு இழுத்தால் ஒரு குட்டி சாக்ஸ், சட்டைப் பித்தான்கள், தலைக் கிளிப், ஒரு பொம்மைக் காரின் சக்கரம், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு நூல் உருண்டை. எடுத்துப் போட்டு மூடினேன். மெஷின் ஓடியது.

"அடேங்கப்பா! இஞ்சினியரம்மா!" என்று ரஞ்சிதம் அக்கா ஈரக் கையாலேயே எனக்குத் திருஷ்டி கழித்தார்.

அம்மாவும் சிரித்தாள். பிறகு தாம்பாளத்தில் கிடந்த சாக்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன வருடம் இதே கோளாறு வந்தபோது, உள்ளே பம்ப் போய்விட்டது என்று மாமா புதுசு மாற்றியிருந்தார்.

"சம்பத்து இதைத் தொறந்துகூடப் பாக்கலையாட்ட இருக்குது" என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

நிஜமாகவே பம்ப்பை மாற்றினாரா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை நான் நினைக்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

குழந்தைகள் வராத நாள். அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். பத்துக் கிலோ அரிசிப் பையை இழுத்துவந்து மூன்றாவது தூளிக்குள் வைத்தேன். தூளி எதுவரை இறங்குகிறதோ அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பையை எடுத்ததும் ஸ்பிரிங் மேலே போனது, ஆனால் முழுதாகப் போகவில்லை. இரண்டாவது தூளியிலும் வைத்துப் பார்த்தேன். அது போன வேகத்தில் கொக்கியே கிணுகிணுத்தது.

மூன்றாவதுக்கு அடியில் இரண்டு மெத்தைகளை அடுக்கிவிட்டேன். அம்மா கேட்டால் வெயிலில் போட எடுத்ததாகச் சொல்வேன்.

ஜூன் 17, செவ்வாய்

ரஞ்சிதம் அக்காவோடு சண்டை. மிக்ஸி ஜாரைக் கழுத்து வரை நிரப்பி ஓட்டினால் சூடாகி நின்றுபோகும், பாதி பாதியாகப் போடுங்கள் என்றேன்.

"பாதி பாதியாப் போட்டு நாலு தடவ அரைக்க எனக்கென்ன எட்டுக் கையா இருக்குது? கொழந்தைக பசியில கத்தறப்ப நீயா வந்து நிப்ப?"

"காலையில நான் அரைச்சு வெச்சுட்டுப் பள்ளிக்கூடம் போறனுங்க்கா."

"சொல்லுவ, சொல்லுவ."

அரைத்துவிட்டுத்தான் போனேன். சீருடையில் தேங்காய் தெறித்துவிட்டது. மாலையில் தண்ணீர் சூடாக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் உப்புப் படிந்து சுண்ணாம்பு பூசினது போல் இருந்தது. எங்கள் போர்த் தண்ணீர் அப்படி. எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. நடைவண்டிகளின் சக்கரத்தில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தரித்தேன். தலைமுடி போனதும் கீச்சிடுவதும் போய்விட்டது.

இதெல்லாம் செய்யும்போது பயம் தெரிவதில்லை.

ஜூன் 18, புதன்

குனு இன்று எழுந்து நிற்கப் பார்த்தான். தூளிக்குள்ளேயே.

ஜூன் 21, சனி

யாரும் கூப்பிடாமலே மாமா வந்தார். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்.

"என்னக்கா, ரெண்டு வாரமா ஒரு போனும் காணோம்?"

"ஒண்ணும் கெடலைடா" என்றாள் அம்மா. "எல்லாம் சுபி பாத்துக்கறா. வாஷிங் மெஷினு, ஹீட்டரு, ஃபிரிட்ஜு கதவு ரப்பரு, எல்லாத்தையும் தொடைச்சு வெச்சிருக்கறா பாரு."

மாமா என் பக்கம் திரும்பினார். "ஏனுங் அம்மிணி, மாமன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுப் போட்டீங்களாட்ட இருக்குது?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். மாமாவின் கண் சிரிக்கவில்லை.

வழக்கம்போல எனக்குத் தேங்காய் பன் வாங்கி வந்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் வெறுங்கையோடு வந்ததே இல்லை. அம்மா டீ போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"மாமா, அந்த ஸ்பிரிங்..."

"அடுத்த மாசம்னு சொன்னனல்ல. இன்னும் மாசம் பொறக்கலையே சாமி."

"குனு எந்திரிச்சு நிக்கறான் மாமா."

"ஒண்ணும் ஆகாது. அதென்ன நூல்கயிறா, இரும்பு." என் கையைப் பார்த்தார். பிறகு தன் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

பன்னைத் தின்றேன். அதை நினைத்தால்தான் இப்போது ஒருமாதிரி இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

அரிசிப் பையை வைத்தேன். தூளி பென்சில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கிவிட்டது.

நானே கழற்றிவிடலாம் என்று மேஜைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கூரைக் கொக்கி எட்டவில்லை. ஏணி மாமா வீட்டில் இருக்கிறது. இறங்கும்போது ஸ்டூல் சறுக்கிவிட்டது. படியில் விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். முட்டியில் மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

ஜூன் 26, வியாழன்

முட்டி வலி. மிக்ஸி, நடைவண்டி, வாஷிங் மெஷின் வடிகட்டி. எல்லாம் ஓடுகின்றன. குனு நன்றாக இருக்கிறான்.

ஜூன் 30, திங்கள்

செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கம்பெனி மேடமே போன் செய்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாராம். அம்மா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வெகுநாள் கழித்து அப்படிக் கிள்ளினாள். இதுதான் சமயம் என்று கேட்டேன்.

"அம்மா, மிச்சமானதுல தூளி ஸ்பிரிங் அஞ்சையும் மாத்திப்போடலாமா?"

"நல்லா இருக்கறதை எதுக்கு மாத்தறது? அந்த மிச்சத்துக்கு நான் வேற வழி யோசிச்சு வெச்சிருக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "உங்க மாமனுக்கு இங்க வேலையே இல்லாமப் போயிருச்சு. நித்யா தையலுக்குப் போறேங்கறா. பொட்டப்புள்ளைய எங்க உடறது? மகிழை நாம பாத்துக்கலாம், ஒண்ணும் வாங்காம. சனிக்கிழமையிலிருந்து வருவா."

நித்யா அத்தை மாமாவின் மனைவி. மகிழ் அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை.

மூன்று வாரமாக நான் துடைத்ததும் கழுவியதும் இதில் வந்து நிற்கிறது. சரியம்மா என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து முகம் கழுவினேன். இன்னொரு தடவை கழுவினேன்.

ஜூலை 2, புதன்

மகிழுக்கு எந்தத் தூளி என்று அம்மாவும் ரஞ்சிதம் அக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதில் தூங்கின குழந்தை இந்த மாதத்திலிருந்து வருவதில்லை, அது இப்போது காலி.

"மூணாவதுலதானம்மா புது ஸ்பிரிங் இருக்குது" என்றேன். "குனுவை அஞ்சாவதுக்கு மாத்திக்கலாமே."

சும்மாதான் சொன்னேன்.

"அதுவும் சரிதான். மொத மொதல்ல வர்ற புள்ளை. மாமன் கையால போட்ட புதுசுலயே படுக்கட்டும்" என்றார் ரஞ்சிதம் அக்கா. அம்மா மட்டும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

குனுவை இன்றைக்கே மாற்றிவிட்டேன். சுமித்ராவின் ஆரஞ்சுப் புடவையை அவிழ்த்து, ஐந்தாவது ஸ்பிரிங்கின் கீழ்க்கொக்கியில் நானே முடிச்சுப் போட்டேன். அங்கேயும் அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். நன்றாக மேலே போனது.

ஜூலை 4, வெள்ளி

நாளை எனக்குப் பள்ளி இல்லை. மூன்றாவதுக்கு அடியில் இன்னொரு மெத்தை போட்டுவிட்டேன். மகிழைத் தூளியில் போட வந்தால் நான் அதை விடமாட்டேன். என்ன சொல்லி விடமாட்டேன் என்று தெரியவில்லை. சத்தியத்தை மீறினால் மாமாவுக்கு. மீறாவிட்டால் மாமாவின் குழந்தைக்கு. அவர் வாயாலேயே வந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. அவரும் காலையில் கூட வருகிறார்.

வரவேண்டும்.

ஜூலை 5, சனி

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நித்யா அத்தை தன் கல்யாணத்துக்கு முன்பு கட்டின பச்சைப் புடவையைத் தூளிக்கென்று கொண்டு வந்திருந்தாள். அம்மா மகிழுக்கு நெற்றியில் பொட்டு வைத்துக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எதுலீங்க அண்ணி கட்டறது?" என்று அத்தை கேட்டாள்.

"மூணாவதுல. உன்ற ஊட்டுக்காரன் புதுசு போட்டானல்ல, அதுலதான்."

மாமா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பைக் கழற்றினபடியே நின்றுவிட்டார். அத்தை பச்சைப் புடவையைக் கொக்கியில் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். நான் மெத்தைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அம்மா மகிழைத் தூளியை நோக்கி இறக்கினாள்.

"அதுல வேண்டாம்" என்றார் மாமா.

"ஏண்டா?"

"வேண்டாம்னா வேண்டாம்க்கா. பக்கத்துல போடு."

அத்தை சிரித்தாள். "இதென்னங்க கூத்து, தூளிக்குமா வாஸ்து?"

அம்மா சிரிக்கவில்லை. மகிழைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் சுமித்ரா கொண்டுவந்து விட்டிருந்த குனு, ரஞ்சிதம் அக்கா இடுப்பில் இருந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"சரி. மகிழைப் பக்கத்துல போட்டர்றேன். அப்ப இதுல ஆரைப் போடறது? குனுவைப் போட்டுக்கட்டுமா?"

மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்றா சம்பத்து. போட்டுக்கட்டுமா?"

ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஏணியோடு திரும்பி வந்தார். அதற்குள் அத்தை பச்சைப் புடவையை அவிழ்த்துச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டாள். மாமா ஏறி ஸ்பிரிங்கைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். அம்மா நகத்தால் சுரண்டினாள். சில்வர் உரிந்தது. உள்ளே துரு.

"புதுசு வாங்கலைக்கா" என்றார் மாமா. "பழசுக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"சுபிக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"தெரியும். நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "நீ மாத்தாத பம்ப்பை மாத்தினதாச் சொன்னதும், நல்லா இருக்கற மோட்டாருக்குக் காசு வாங்கினதும் எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தம்பி ஊட்டுல அடுப்பெரியட்டும்னுதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை குடுத்தேன். கொழந்தை படுக்கற எடத்துலயாடா?"

மாமா ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் குனுவைத் தூங்க வைக்கவேண்டியிருந்தது.

சாயங்காலம் சுமித்ரா வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கலாம் என்று ரஞ்சிதம் அக்கா கண்ணைக் காட்டினார். அம்மா கேட்கவில்லை. பாதி தமிழ், பாதி இந்தி, மீதி கைச்சாடை. சுமித்ரா ஸ்பிரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனுவைத் தூக்கிக்கொண்டாள். ஐந்தாவதிலிருந்து தன் புடவையையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா தானே கடைக்குப் போய் ஐந்து ஸ்பிரிங் வாங்கி வந்தாள். மாமா வந்து மாட்டினார். கூலி தரமாட்டேன் என்று அம்மா சொன்னாள், அவரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் மாட்டியதும் நான் அரிசிப் பையைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் வைத்தார். நான் கோடு போட்டேன். இனி வாராவாரம் இது நடக்கவேண்டும், அதற்கு மட்டும் மாமா வந்தால் போதும், அதற்கு மாதச் சம்பளம் என்று அம்மா சொல்லிவிட்டாள். மற்ற வேலையெல்லாம் நானும் ரஞ்சிதம் அக்காவும்.

போகும்போது மாமா என் கையை எடுத்துத் தலையில் வைத்து, உடனே இறக்கிவிட்டார்.

"எறக்கியாச்சு சாமி. இனி அது இல்லை."

பன் வாங்கி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சுமித்ரா நாளைக்கு வருவாளா?

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். மிக்ஸியைக் கழுவிவிட்டு வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். மகிழ்கூட வந்துவிட்டாள். மணி அடிக்கப் போகிறது, நீ போ என்று அம்மா விரட்டினாள்.

சுமித்ரா வந்தாள். இடுப்பில் குனு, தோளில் ஆரஞ்சுப் புடவை. குனுவை என் கையில் கொடுத்துவிட்டு நேராக மூன்றாவது கொக்கிக்குப் போய்ப் புடவையைக் கட்டினாள். கட்டி முடித்ததும் புடவையை இரண்டு கையாலும் உயரத்தில் பிடித்து, முழங்காலை மடக்கி, முழுப் பாரத்தையும் போட்டாள். அவளுடைய இரண்டு காலும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன. அப்படியே ஒரு தடவை ஆடினாள். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவள் காலை ஊன்றி விட்டதும் விருட்டென்று மேலே போனது.

குனுவுக்காகக் கையை நீட்டினாள்.

அவள் போனபிறகு நித்யா அத்தை வந்து பக்கத்துத் தூளியை அதே மாதிரி பிடித்து ஆடிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஓடினேன். மதியம் கணக்கு வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். ஒரே தடவைதான் கூப்பிட்டார்.